லோரி டியூப்பும் எங்கள் ஆட்டமும்

நானும் அக்காவும் மேடையேறி ஆடத் தொடங்கிய காலத்தில்தான் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கோலசிலாங்கூருக்கும் ரவாங்குக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். மூலைக்கு மூலை கிடந்த வரிசை வீடுகளான லயங்களை எல்லாம் பிரித்து, சனங்களை ஆபீஸ் பக்கம் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். வாசலுக்கு ஒரு கேட். பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காலையில் பால்வெட்டுக்குப் போகும்போது ஒரு பிடி சோறுகூட வெளியே எடுத்துப் போகக் கூடாது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்களுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும் என்று சொன்னார்கள்.

அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மா புல்வெட்டுக் கும்பலில் இருந்தாள். அக்காவும் நானும் பால்வெட்டு. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள்.

எங்களுக்கு யாரும் நடனம் சொல்லிக் கொடுக்கவில்லை. மாதம் ஒருதரம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். கதை அக்காவுக்கு நினைவிருக்காது. ஆட்டம் மட்டும் அப்படியே பதிந்துவிடும். மறுநாள் நிரையில் மரத்துக்கு மரம் நடக்கும்போதே கையை வீசிப் பார்ப்பாள். கடைக்காரரிடம் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதன் கைப்பிடியைத் திருப்பிப் பாட்டு வைத்தால் கடைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் இரண்டு பேரும் ஆடிப் பார்ப்போம். அந்த வருஷம் கோயில் திருவிழாவில் ஆடுவதற்கு எங்களைக் கேட்டிருந்தார்கள்.

ஆனால் எங்கள் ஆட்டம் உருப்படியாக இல்லை. முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தால் அக்காவின் இடது கால் உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். எனக்குத் தொடை நடுங்கும். அதைவிட மோசம், நான் எப்போதும் அவளுக்கு ஒரு அடி பிந்தியே வருவேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்பி முடித்த பிறகுதான் நான் திரும்புவேன்.

இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தவர் எங்கள் மாமன் மகன். தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு ரவாங்குக்கும் சில சமயம் பத்தாங் காலிப் பக்கமும் போவார். நாங்கள் மச்சான் என்று கூப்பிடுவோம். அக்காவுக்கு அவரைத்தான் கட்டிக் கொடுப்பது என்று இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்தது. மச்சானுக்கு உடம்பு வளர்ப்பதில் பைத்தியம். பழைய லோரி டியூப்பை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, ஷெட்டின் தூணில் கட்டி, இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டே இருப்பார்.

"கால் வலுவா இல்லன்னா நீங்க குனியுற ஒவ்வொரு வாட்டியும் இப்பிடித்தான் ஆடும். இந்தா, இத மாட்டிப் பாருங்கலா" என்று ஒருநாள் டியூப்பைக் குறுக்காக வெட்டி இரண்டு வளையங்களைத் தூக்கிப் போட்டார்.

அந்த வளையத்தை இரண்டு காலையும் சேர்த்து முழங்காலுக்குச் சற்று மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அரைமண்டியில் உட்கார்ந்தால் டியூப் இரண்டு தொடையையும் உள்ளே இழுக்கும். நாம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு முன்னால் நான் கீழே விழுந்தேன். மறுநாள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது இடுப்புக்குக் கீழே யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது.

ரப்பர் தோலில் ஒட்டிக்கொண்டு உரித்துவிடும். வேர்வை பட்டால் எரியும். பவுடர் வாங்க வழியில்லை. அம்மா மரவள்ளிக் கிழங்கு மாவு கொஞ்சம் கொடுத்தாள். அதைத் தொடையில் தடவிக்கொண்டு வளையத்தை ஏற்றினால் ஒட்டாது.

நான் பிந்துவதற்கு வழி கண்டுபிடித்தவள் அக்காதான். ஒரு நீளமான பட்டையை எடுத்து ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறு முனையை என் இடுப்பிலும் கட்டினாள். "இப்ப ஆடு" என்றாள். அவள் வலது பக்கம் போகும்போது நான் நின்றால் டியூப் என்னை வெடுக்கென்று இழுத்தது. நான் முந்தினால் அவளை இழுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து நகர்ந்தால் மட்டும் அது இழுக்காமல் தொங்கியது. பாட்டைக் கேட்டு ஆடியபோது வராதது இடுப்பில் வந்தது. சில வாரங்களில் அவள் மூச்சை உள்ளே இழுக்கிறபோதே எந்தப் பக்கம் போகப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஊரடங்கு இருந்ததால் திருவிழாவைப் பட்டப்பகலில் வைத்தார்கள். தகரக் கொட்டகையில் வெயில் கொதித்தது. துப்பாக்கி வைத்த காவல்காரர்கள் நாலு பக்கமும் நின்றார்கள். நாங்கள் ஆடினோம். அக்காவின் இடது கால் ஒரு முறைகூடச் சாயவில்லை. நான் ஒரு அடிகூடப் பிந்தவில்லை. ஆடி முடித்ததும் கொட்டகை முழுக்கக் கைதட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்தவர்கள் அடுத்த மாதம் தங்கள் கோயிலுக்கும் வரச் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அன்று நன்றாகச் சாப்பிட்டாள். எனக்குத் தெரிந்து அந்த வருஷத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஆசை அதிகமாகிவிட்டது. வேலைக்குப் போகும் நடையை ஏன் வீணாக்க வேண்டும் என்று கைலிக்கு உள்ளே வளையத்தை மாட்டிக்கொண்டே நிரைக்கு நடக்க ஆரம்பித்தாள். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் அகட்டி, சின்னச் சின்னதாக அடி வைக்கிற மாதிரி தெரியும். நானும் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு எரிச்சல் தாங்காமல் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் காட்டில் இருந்தவர்கள் மச்சானின் லோரியை மறித்தார்கள். ரவாங் பாதையில் ஒரு வளைவில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்களாம். லோரிக்குக் காவலாகப் போன இரண்டு பேரும் அங்கேயே செத்தார்கள். லோரியை எரித்துவிட்டு, மாற்று டயரையும் டியூப்பையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். மச்சான் மட்டும் உயிரோடு நடந்து வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க மற்றவர்களின் ரத்தம். அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

அம்மா அவரைப் பார்த்ததும் கும்பிட்டாள். எங்கள் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தப்பி வந்தவரைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று மண்டோருக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். மறுநாளே போலீஸ் ஜீப் வந்து மச்சானைக் கூட்டிப்போனது. உன்னை மட்டும் ஏன் விட்டார்கள் என்பது முதல் கேள்வி. லோரி ஷெட்டில் இருந்த பழைய டியூப்பெல்லாம் எங்கே போயிற்று, யாருக்குக் கொடுத்தாய் என்பது இரண்டாவது. காட்டில் இருந்தவர்கள் டயரையும் டியூப்பையும் வெட்டிச் செருப்பு தைத்துக்கொண்டார்களாம். மச்சான் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கொடுத்தது அத்தை மகளுக்கு, ஆடுவதற்கு.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அவரைக் கூட்டிப்போன இரண்டாம் நாள் காலையில் நாங்கள் வழக்கம்போல் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, வரிசையாகக் கேட்டுக்குப் போனோம். அன்று கேட்டில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியும், அவருக்காகத் தமிழ் பேச வந்த ஒருவரும், பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணும் நின்றார்கள். அந்தப் பெண் வேறு தோட்டத்துக்காரி, தமிழ்தான்.

வரிசையில் எனக்கு முன்னால் அக்கா. அவள் நடையைப் பார்த்ததுமே அந்தப் பெண் தட்டிக்கு உள்ளே கூட்டிப்போனாள். அரிசியைப் பொட்டலம் கட்டித் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்களாம். தட்டிக்கு வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"இது என்னாடி?"

"டியூப்புக்கா."

"எதக் கட்டி எடுத்துப் போற? எங்க போட்ட?"

"ஒண்ணும் கட்டல. காலுக்கு வலு வர்றதுக்கு. ஆடுறதுக்கு."

பிறகு அந்தப் பெண் வெளியே வந்தாள். விரலை மூக்கிடம் கொண்டுபோனாள், நாக்கில் வைத்தாள். "மாவு" என்றாள். தமிழ் பேசுகிறவர் அதை அதிகாரியிடம் சொன்னார். வளையத்தை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதை இழுத்து இழுத்துப் பார்த்தார். பேரைக் கேட்டார். அக்கா சொன்னாள். அந்தப் பேர் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

"ஆடுறதுக்குன்னு சொல்றியாம். தொர ஆடிக் காட்டச் சொல்றாரு" என்றார் தமிழ் பேசுகிறவர்.

அக்கா அவரையே பார்த்தாள். "இங்கயா?"

"இங்கதான். இதப் போட்டுக்கிட்டு."

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். "நானும் ஆடுவேன். ரெண்டு பேரும் சேந்துதான் ஆடுவோம்" என்றேன். அதிகாரி சரியென்று தலையை ஆட்டினார்.

பால்வெட்டு உடுப்பில், கட்டாந்தரையில், பாட்டு இல்லாமல் ஆடினோம். அக்கா வளையத்தைக் கைலிக்கு மேலேயே ஏற்றிக்கொண்டு அரைமண்டியில் உட்கார்ந்தாள். அவள் வாய்க்குள் தாளம் சொன்னாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எதிரே எங்கள் தோட்டம் முழுக்க நின்றது. பால் வாளி தொங்கவிடும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஆண்கள், புல்வெட்டுக் கும்பல், அதில் மண்வெட்டியோடு அம்மா. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளை ஒன்று சிரித்தது, அதன் தாய் வாயைப் பொத்தினாள். அக்காவின் முகத்திலிருந்து வேர்வை சொட்டியது. ஆனால் ஒரு அடி தப்பவில்லை. நானும் தப்பவில்லை. சரியாக ஆடினால் நம்பிவிடுவார்கள் என்று நினைத்தோம். அதனால் திருவிழாவில் ஆடியதைவிட நன்றாக ஆடினோம்.

அதிகாரி சிகரெட்டைப் பற்றவைத்து முடியும்வரை பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"போதுமாம். நல்லா ஆடுறீங்களாம்" என்றார் தமிழ் பேசுகிறவர். அவர் குரலில் கேலி இல்லை. சொல்லி முடித்ததும், "நீ ஜீப்புல ஏறும்மா" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஆடிக் காட்டிட்டாளே ஐயா! நீங்கதான பாத்தீங்க? இன்னும் என்னா வேணும்?" என்று ஜீப்பின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிரித்தெடுத்தது மண்டோர்தான். "விடுக்கா, விட்டுரு, உன்னையும் ஏத்திருவானுங்க" என்று அவர் அழுதுகொண்டே பிரித்தார். ஜீப் போனது. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி விசில் ஊதினார். நாங்கள் வேலைக்குப் போனோம். அன்று அக்காவின் நிரையையும் சேர்த்து நான்தான் வெட்டினேன்.

என்னை ஏன் விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று என் காலில் ஒன்றும் இல்லை. என் பேரை யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மச்சானைப் பல மாதம் அடைத்து வைத்திருந்துவிட்டுக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே பிறந்தவர். கைக்குழந்தையாக வந்தவர், அந்த ஊர் எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. மாமாவுக்கும் அத்தைக்கும் கப்பல் புறப்படும் பினாங்குக்குப் போய் முகத்தைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கினார் என்பதோடு சரி. அதற்குமேல் ஒரு சேதியும் வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே மாமா செத்தார்.

எங்கள் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். கிணற்றடியில் நான் போனால் பேச்சு நிற்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை, பயம். தோட்டத்தில் இருந்த டியூப் துண்டுகளையெல்லாம், பிள்ளைகளின் கவண்களைக்கூட, ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு அக்காவை ஒரு வேனில் கொண்டுவந்து ஆபீஸ் முன்னால் இறக்கிவிட்டார்கள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்தது. ஆபீஸிலிருந்து லயத்துக்கு நடந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

"அடிச்சாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"அடிக்கல. நிக்க வச்சாங்க" என்றாள்.

தடுப்பு முகாமில் அவளோடு ஒரு சீனப் பெண் இருந்தாளாம். அக்காவுக்குச் சீனம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. அக்கா கால் வலியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது அந்தப் பெண் எதிரே வந்து உட்கார்ந்து, தன் உள்ளங்காலை அக்காவின் உள்ளங்காலோடு சேர்த்து வைத்துத் தள்ளியிருக்கிறாள். அக்கா திருப்பித் தள்ளியிருக்கிறாள். அப்படியே தினமும். ஒருத்தி தள்ள, ஒருத்தி தாங்க, பிறகு மாற்றி. இல்லாவிட்டால் நடையே போயிருக்கும் என்று அக்கா சொன்னாள். ஒருநாள் அந்தப் பெண்ணின் பேரைக் கூப்பிட்டு மூட்டையோடு கூட்டிப் போனார்கள். சீனாவுக்கு அனுப்பிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்கு அவள் பேரைச் சரியாகச் சொல்ல வராது.

டியூப்பைத் தேட எங்களுக்குத் தைரியம் இல்லை. வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு நானும் அக்காவும் எதிரெதிரே உட்காருவோம். உள்ளங்காலோடு உள்ளங்கால். முதலில் அவள் கால் என் காலுக்கு முன்னால் பஞ்சு மாதிரி மடங்கியது. நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ளுவேன்.

"அழுத்துடி. எனக்கு வலிக்குமேன்னு பாக்காத" என்பாள்.

வீக்கம் வடிய வெகுநாள் ஆயிற்று. பிறகு அவள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். பிறகு தூண் இல்லாமல். மழைக்காலம் முடியும்போது மறுபடியும் பால்வெட்டுக்குப் பேர் கொடுத்தாள். கீழ்ப்பட்டை வெட்டக் குனிய வேண்டும், அதுவும் முடிந்தது. ஒருநாள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தவள் சட்டென்று அரைமண்டியில் உட்கார்ந்து காட்டினாள். இடது கால் நேராக நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா, இந்தத் திருவிழாவுக்குக் கேப்போமா?" என்றேன்.

அவள் எழுந்து நின்று கைலியைச் சரிசெய்துகொண்டாள். "காலு வந்துருச்சுடி. ஆட்டம் வரல" என்றாள். "கைய எடுத்தாலே அந்தாளு சிகரெட் வாசந்தான் வருது."

நான் விடவில்லை. கடைக்காரர் கிராமபோனைத் திருப்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பழைய பாட்டுத்தான். முதல் அடி வைத்தாள், இரண்டாவது அடி வைத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். கடைக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை.

திருவிழாவுக்கு முன்னால் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். நின்றபடியே பேசினார். "பெரியவ வேணாம்மா, சனங்க ஒரு மாதிரி நெனைக்கிறாங்க. சின்னவ வேணும்னா இன்னொரு புள்ளையோட ஆடட்டும்" என்றார். நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா உள்ளே இருந்து, "ஆடுவா" என்றாள்.

அந்த இன்னொரு பெண்ணுக்கு என் மூச்சு புரியவில்லை, அவள் மூச்சு எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக ஆடிவிட்டு இறங்கினோம். அக்கா திடலுக்கு வரவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எனக்குச் சோறு போட்டாள்.

அடுத்த வருஷம் அவளை சுங்கை சோ என்ற ஊரில் இருந்த, மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தோம். நல்ல மனிதர், ரயில்வேயில் வேலை. அக்கா தோட்டத்தை விட்டுப் போகிற அன்று கேட்டில் எல்லோரையும் போல அவளையும் சோதித்தார்கள். சோதித்தது வேறு ஒரு பெண். அக்கா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு, "அம்மாவுக்கு ராத்திரி இருமல் வருது, பாத்துக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு லோரியில் ஏறினாள்.